மீன் குடலும் வெல்லமும்

ஜோகூரில் செடெனாக், கூலாய் பக்கம் செம்பனைக்கு வேளாவேளைக்கு உரம் விழுகிறது. வாசலில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் யார் போடுவது? கடை உரத்தை ஒரேயடியாக அள்ளிப் போட்டாலும், பெய்கிற மழை அதில் நல்ல பங்கைக் கரைத்துக்கொண்டு போய்விடும். நம் ஜோகூர் மழைக்குச் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுப்பதுதான் தோது. அதற்கு வாகானது, மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம். கொரிய இயற்கை வேளாண்மை முன்னோடி சோ ஹான்-கியூ பரப்பிய முறை இது. தமிழ்நாட்டு இயற்கை உழவர்களிடமும் இன்று நல்ல பழக்கத்தில் இருக்கிறது.

மீன் கழிவை அப்படியே மண்ணில் புதைத்தால் சீக்கிரமே பூனையும் உடும்பும் தோண்டிப் போட்டுவிடும். வெல்லத்தில் ஊறவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அளவு சுலபம். தலை, குடல், செவுள், வால் எல்லாம் சேர்த்து 1 கிலோ என்றால் வெல்லமும் 1 கிலோ. வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சீனியும் போடலாம். உப்பு பட்ட மீன் கூடாது. பொடியாக நறுக்கி, வெல்லத்தைத் தூளாக்கிப் பிசறி, பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மேலே ஒரு பிடி வெல்லம் தூவி, வாளியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு மூடி, நிழலில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். உள்ளே கிளம்பும் வாயு அதை வெடிக்கவைத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள்.

ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே வெல்லம் செய்கிறது. மீனில் உள்ள நீரை அது இழுத்துக்கொள்வதால் அழுகவைக்கும் கிருமி தலையெடுக்காது. சதையைக் கரைப்பவை குடலில் உள்ள நொதிகள். அதனால் குடலை வீசிவிடாதீர்கள்.

21 நாளுக்கு மேல் தேன் நிறத்தில் சாறு இறங்கி, புளித்த பழ வாசனை வரும். பிண நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கிளறுங்கள். சாற்றை வடிகட்டி எடுத்துவைத்து, முதலில் லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து பாருங்கள். செடி தாங்கினால் 5 மில்லி வரை கூட்டலாம். மழை விட்ட மாலையில், வாரம் ஒருமுறை இலையில் தெளியுங்கள். பறிக்கப்போகும் கீரையில் மட்டும் வேண்டாம்.

மிளகாயில் பூ வைத்ததும் நிறுத்திவிடுங்கள். இதில் உள்ள தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும், காய் இறங்காது. அடுத்த முறை பாசாரில் மீன் வெட்டித் தருபவரிடம் குடலையும் தலையையும் சேர்த்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.