வைக்கோல் சுவர் தாங்குமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ்னு ஒரு மணல்மேட்டுப் பகுதி. மரம் ரொம்பக் குறைவு. அங்க குடியேறினவங்க வைக்கோல் கட்டுகளையே செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினாங்க. ஆர்தர் என்ற ஊரில் 1928-ல் அப்படிக் கட்டின சர்ச் இன்னும் நிக்குது.

வைக்கோலுக்குள்ள நகர முடியாம சிக்கியிருக்கிற காத்துதான் குளிரையும் வெயிலையும் தடுக்குது. ஸ்வெட்டர் வேலை செய்யறதும் இப்படித்தான்.

"தீப்பிடிக்காதா?"ன்னு கேப்பீங்க. உதிரி வைக்கோல் குப்புன்னு எரியும். இறுக்கிக் கட்டி ரெண்டு பக்கமும் பூசிட்டா, உள்ளே காத்தோட்டம் இல்லாததால சீக்கிரம் எரியாது.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல நீடிச்சா பூஞ்சை பிடிச்சு மக்கிப்போகும். அதனால கூரை நல்லா வெளியே நீளணும், அடித்தளம் உயரணும். வயல்ல கொளுத்துற வைக்கோல் வீடாகணும்னா, முதல்ல மழையைத் தள்ளி வைக்கணும்.