ஸ்ரீராமபுரத்துக்கு ஒரு பாடவேளை



கன்னடம் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு ‘ஊரு கேரி’யை அவர்கள் கையில் கொடுக்கிறோம். அருஞ்சொற்பொருள் சொல்கிறோம், வினாவிடை எழுத வைக்கிறோம். அந்தப் புத்தகத்தில் வரும் தெருக்களோ, பெங்களூர் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஸ்ரீராமபுரம் நிலையத்தில் இறங்கினால் வந்துவிடும்!

1954-இல் மாகடிப் பக்கம் மஞ்சனபெலேயில் பிறந்தவர் அவர். புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி: மாட்டுக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள் நுகத்தடி சுமந்து இழுக்க, பின்னால் ஒருவர் ஏர் ஓட்டுகிறார். இழுப்பவர்களில் ஒருவர் அந்தச் சிறுவனின் அப்பா. இன்று அதே மஞ்சனபெலேக்கு அர்க்காவதி அணையைப் பார்க்கப் பைக்கில் போய், செல்ஃபி எடுத்துத் திரும்புகிறார்கள் நம் இளைஞர்கள். அந்தப் பக்கத்தை வாசித்தவன் அங்கே வயலைக் கண்டால் வண்டியை நிறுத்துவான்.

பிறகு பெங்களூர், ஸ்ரீராமபுரம். சுடுகாட்டில் போய் உட்கார்ந்து படித்ததாக எழுதுகிறார். வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள், அல்லது சிரிப்பார்கள். அந்தச் சந்துகளில் ஒரு மாலை நடந்து பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுக் குக்கர் விசில் நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே ஒரு பையன் புத்தகத்தை விரிக்க எங்கேதான் போவான்? சத்தமில்லாத இடம் சுடுகாடுதானே! அகராதியைப் புரட்டினால் இந்தப் புரிதல் கிடைக்குமா?

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாசித்துவிட்டுப் போங்கள், வாசிக்காமல் போனால் அது வெறும் வேடிக்கை. அங்கே இருப்பவர்கள் காட்சிப்பொருள் அல்லர், நம்மவர்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் டீக்கடைகள் அங்கே உண்டு. கேமராவை உள்ளே வையுங்கள், வாயைத் திறந்து பேசுங்கள். கன்னடத்தில் தடுமாறும் பிள்ளைக்குத் துணையாக, எழுத்தாளர் பாவண்ணன் தமிழில் தந்த ‘ஊரும் சேரியும்’ இருக்கிறது.

கவிஞரையே வகுப்புக்கு அழைக்கும் வாய்ப்பு 2021 ஜூனில் அவர் கொரோனாவில் மறைந்ததோடு போயிற்று. ஆசிரியப் பெருமக்களே, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை மாலையை ஸ்ரீராமபுரத்துக்கு ஒதுக்குங்கள். மெட்ரோ டிக்கெட் செலவைப் பெற்றோர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.