மாட்டுக் கொட்டகையில் ஒரு சங்கிலி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மனநலமும் சட்டமும்’. நான் வக்கீல் இல்லை, எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனா எங்க குழுவோட தீர்மான நோட்டுல என் கையெழுத்துல ஒரு பக்கம் இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2016-ல் எங்க குழுவில் ஓர் அக்கா பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாங்க. மகளுக்கு வைத்தியம் பாக்கணும்னு. சங்கதி ஊருக்கே தெரியும். பன்னிரண்டாவது முடிச்ச பொண்ணு. திடீர்னு தனக்குத்தானே பேச ஆரம்பிச்சா. சோத்துல ஏதோ கலந்திருக்காங்கன்னு தட்டைத் தள்ளிவிட்டா. ராத்திரி தூக்கமே கிடையாது. கடன் கேட்டப்ப எங்க உறுப்பினர் ஒருத்தர், “பைத்தியத்துக்குச் செலவு பண்ணின காசு திரும்ப வருமா?”ன்னு கேட்டாங்க. யாரும் மறுத்துப் பேசலை. ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த அக்கா அதுவரைக்கும் ஒரு தவணை தவறினவங்க இல்லை.

அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு ஒரு ராத்திரி வீட்டை விட்டு நடந்து போயிட்டா. விடியற்காலையில பைபாஸ் ரோட்டுல கண்டுபிடிச்சுக் கூட்டி வந்தாங்க. அன்னைக்கே மாட்டுக் கொட்டகையில கட்டிட்டாங்க. மாட்டுச் சங்கிலி, ஒரு பூட்டு. தண்ணிக்குக் குடத்தோட அந்த வழியாத்தான் நாங்க எல்லாரும் போவோம். சங்கிலிச் சத்தம் கேட்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவோம். ஒண்ணே முக்கால் வருஷம் அப்படிப் போனோம். நானும்தான்.

2019-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தின முகாமுக்குப் போனேன். உண்மையைச் சொன்னா, மதியச் சாப்பாடும் பயணப்படியும் உண்டுன்னு சொன்னதாலதான் போனேன். அங்கே ஒரு வக்கீலம்மா ஏர்வாடியைப் பத்திப் பேசினாங்க. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்தின ஒரு மனநலக் காப்பகத்தோட ஓலைக் கொட்டகையில தீப்பிடிச்சது. உள்ளே இருந்தவங்களைச் சங்கிலியால கட்டியிருந்தாங்க, ஓட முடியலை. 28 பேர் இறந்துபோனாங்க. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. நம்ம ஊர்க் கொட்டகையும் ஓலைதானேன்னு எனக்கு நினைப்பு ஓடுச்சு. சாப்பாடு இறங்கலை.

அப்புறம் அந்தம்மா சட்டத்தை வாசிச்சாங்க. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதோட 95-வது பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிட்டுக் கட்டக் கூடாது என்கிறது. கோயில், தர்கா, காப்பகம், சொந்த வீடு எங்கேயும் கூடாது. ஏழைகளுக்கு அரசு நடத்துற, அரசு பணம் கொடுக்கிற மனநல மருத்துவமனைகள்ல சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில இல்லாட்டியும் இலவசம்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு. அட்டைக்கு அலைஞ்சு செருப்புத் தேய்ஞ்சவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க, அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

கூட்டம் முடிஞ்சதும் வக்கீலம்மாவைத் தனியாப் பிடிச்சேன். “போலீஸ்ல சொன்னா பெத்தவளைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?”ன்னு கேட்டேன். வீட்டுல ஒருத்தரைக் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காம விட்டாலோ, காவல் நிலையம் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கணும், அவர் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உத்தரவு போடலாம். மீறினவங்களுக்குத் தண்டனையும் உண்டுன்னு சொன்னாங்க. “ஆனா முதல்ல நீங்க அந்தம்மாகிட்ட பேசிப் பாத்தீங்களா?”ன்னு திருப்பிக் கேட்டாங்க. நான் பேசவே இல்லையே.

அன்னைக்குச் சாயங்காலம் போனேன். அக்கா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. சட்டம் இப்படிச் சொல்லுதுன்னு ஒப்பிச்சேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாங்க: “சரி கழட்டுறேன். பகல்ல நான் களை எடுக்கப் போகணும். ராத்திரி அவ எந்திரிச்சுப் போனா நீ வந்து காவல் இருக்கியா?”

சட்டப் புத்தகத்துல இதுக்குப் பதில் கிடையாது. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். மறுநாள் குழுவில பேசினேன், சண்டையே வந்துச்சு. கடைசியில அஞ்சு பேர் சம்மதிச்சோம். ஆளுக்கு ஒரு ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில படுக்குறதுன்னு முடிவாச்சு. முன்னே அந்தக் கேள்வியைக் கேட்ட உறுப்பினரும் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் வர்றார்னு கிராம செவிலியர் சொன்னாங்க. ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் எங்க யாரையும் கேட்கலை. அந்தப் பொண்ணைப் பார்த்து, “உங்களுக்கு என்னம்மா வேணும்?”னு கேட்டார். ரொம்ப நேரம் கழிச்சு அவ சொன்னா, “தலைக்குக் குளிக்கணும்.” அவ அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாங்க. அன்னைக்குச் சாயங்காலம் சீயக்காய் போட்டு ரெண்டு மணி நேரம் சிக்கெடுத்தோம். பாதி முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

மாத்திரை போட்டதும் மறுநாளே சரியாயிடுச்சுன்னு சொன்னா அது பொய். மூணாவது வாரம்தான் ஒழுங்காத் தூங்கினா. ஆறு மாசத்துல நல்லா இருக்கான்னு சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினாங்க, திரும்பவும் வந்துருச்சு. மறுபடியும் திண்ணை. சர்க்கரைக்கு, பிரஷருக்குப் போடுற மாதிரி இதுக்கும் டாக்டர் சொல்ற வரைக்கும் போடணும்னு அப்பத்தான் எங்களுக்கே உறைச்சது. சாமி கும்பிட வேண்டாம்னு யாரும் சொல்லலை. ஏர்வாடி தர்காவிலேயே இப்போ துவாவோட சேர்த்து மருந்தும் கொடுக்குறாங்க.

இப்போ அந்தப் பொண்ணு குழுக் கூட்டத்துக்கு வர்றா. கதவோரமாத்தான் உட்காருவா. வீட்டுல கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்க மாட்டா. கணுக்காலில் தழும்பு இருக்கு. “என் பேரைச் சொல்லாதீங்க அத்தை, கதையைச் சொல்லுங்க”ன்னு அனுமதி கொடுத்தா. நோயாளியோட விவரத்தை ரகசியமா வைக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு, அதுக்காகவும் பேர் சொல்லலை.

நேரம் ஆச்சுன்னு செயலாளர் கை காட்டுறாங்க. இன்னும் ரெண்டே விஷயம்.

பாஸ்புக்குல நாமினி போடுறோம்ல? இந்தச் சட்டத்திலும் நியமனப் பிரதிநிதின்னு ஒருத்தரை வெச்சுக்கலாம். நம்மால முடிவெடுக்க முடியாத நிலை வந்தா நமக்கு யார் துணை நிக்கணும்னு, தெளிவா இருக்கும்போதே வெள்ளைத் தாள்ல எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வெச்சுடலாம். அந்தப் பொண்ணு அப்படி எழுதியிருக்கா. அம்மா பேர் இல்லை, என் பேர். அக்காவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது, கடன் தொல்லையிலும் குடும்பத் தொல்லையிலும் உயிரை விடப் போய்ப் பிழைச்சவங்க நம்மள்ல இருக்காங்க. கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரியில பொய் சொல்லாதீங்க. 115-வது பிரிவுப்படி, கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் சட்டம் எடுத்துக்கும், தண்டிக்கக் கூடாது. சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க வேண்டியது அரசோட கடமை. மனசு தாங்கலைன்னா 14416, டெலி மனாஸ். எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. இலவச வக்கீலுக்கு 15100. போன்ல இப்பவே பதிஞ்சுக்கோங்க, நான் காத்திருக்கேன்.

இப்போ ஒரு தீர்மானம். மாத்திரை இலவசம், ஆனா ஆட்டோ இலவசம் இல்லை. ஒவ்வொரு குழுவும் மாசம் ஐம்பது ரூபாய் கொடுத்தா, ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு வண்டிச் செலவு நிதின்னு கூட்டமைப்பிலேயே ஒண்ணு வைக்கலாம். கடனா இல்லை, திருப்பிக் கேட்கக் கூடாது. நோட்டு பின்வரிசையில இருந்து வருது. சம்மதம் இருக்கிற ஊக்குநர், பிரதிநிதிங்க குழுப் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போங்க.