எந்தக் கடனை முதலில் தீர்ப்பது?

(பாலவாக்கத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய உபந்நியாசம்)



கடன் வாங்க வழி சொல்லுவோர் ஊரில் பலர் உண்டு. கடன்கள் நான்கைந்து சேர்ந்துவிட்ட பிறகு, கைக்கு வந்த சொற்பப் பணத்தை அவற்றில் எதற்குக் கட்டுவது என்று சொல்லுவோர் அரியர். அழுகிற பிள்ளைக்கே பால் என்பதுபோல, வாசலில் நின்று கூச்சலிடுபவருக்கே பணம் போய்ச் சேருகிறது. இவ்வழியில் எந்தக் குடும்பமும் கரையேறியதில்லை.

பாலவாக்கம் 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. ஆயினும் கடலை நம்பிய குடும்பத்தின் வரவு இன்றும் நாளுக்கு ஒரு விதமாகவே இருக்கிறது. அத்தகைய குடும்பஸ்தர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். சங்கத்திற்கு அவர் தரவேண்டியது 25,000 ரூபாய். வட்டி வருஷத்திற்கு நூற்றுக்கு 12. நகையீட்டின்மேல் 20,000 ரூபாய். வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு 2. மைத்துனரிடம் கைமாற்று 5,000 ரூபாய். மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 40,000 ரூபாய். இதற்கு வட்டியே கிடையாது. பிடித்த மீன் முழுவதையும் அவருக்கே கொடுக்கவேண்டும் என்பதும், விலையில் ரூபாய்க்குப் பத்துப் பைசா குறைத்துக்கொள்ளப்படும் என்பதுமே நிபந்தனை.

"வட்டியில்லாக் கடன் கடைசியில் இருக்கட்டும்" என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் கணக்கு வேறு சொல்லுகிறது. வருஷத்தில் 3,00,000 ரூபாய் பெறுமான மீன் விற்றால், அவர் இழப்பது 30,000 ரூபாய். 40,000 ரூபாய்க்கு இது நூற்றுக்கு 75 வட்டி ஆகிறது. நகைக்கடனுக்கு 24, சங்கக் கடனுக்கு 12. ஆகவே முதலில் தீர்க்கவேண்டியது வட்டியில்லை என்று பெயர் பெற்ற அந்த முன்பணமே. சங்கக் கடனை முன்கூட்டி அடைத்தால் சங்கத்துக்குச் சந்தோஷந்தான். ஆயினும் அங்கத்தினருக்கு அது லாபமன்று. தவணையைத் தவறாமல் செலுத்தினால் போதும். தவறினால் ஜாமீன் நின்றவருக்குத் தொல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முன்பணத்தில் பாதியைக் கொடுத்தால் மீன் பாதி விடுதலையாவதில்லை. முழுவதும் தீர்ந்தால்தான் விலை கைக்கு வரும். ஆதலால் பணத்தைச் சங்கத்தில் சிறுகச் சேமித்து, ஒரே முறையில் முடித்துவிடவேண்டும். 25,000 ரூபாய் சேர்ந்து 15,000 ரூபாய் குறைந்தால், சங்கம் இசையுமாயின் அதைக் கடனாகப் பெறலாம். அதற்கு வருஷ வட்டி 1,800 ரூபாய். மிஞ்சுவதோ 30,000 ரூபாய். அந்த மிச்சம் அடுத்தபடி நகைக்குச் செல்லவேண்டும். ஏலத் தேதி நெருங்கியிருந்தால் மட்டும் நகையே முந்தும். மைத்துனரிடம் தேதி சொல்லித் தவணை கேட்பது மானக்குறைவன்று. மறுபடியும் முன்பணத்திற்குக் கை நீட்டினால் இவ்வளவும் வீண்.

வாரத் தவணைக் கடனிலும் இவ்வாறே வட்டி மறைந்திருக்கும். 85 ரூபாய் பெற்று, வாரம் 10 ரூபாயாகப் பத்து வாரம் கட்டுபவர், வட்டி 15 ரூபாய்தானே என்பார். வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருஷக் கணக்கில் அது நூற்றுக்கு 150-க்கு மேற்படுகிறது.

வட்டியே குடியைக் கெடுப்பது என்பதைச் சர்க்காரும் கண்டதுண்டு. 1938-ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் விவசாயிகள் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதியன்று நிலுவையிலிருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. கடும் வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமும் பிறந்தது.

ஒரே நபரிடம் இரண்டு கடன் உள்ளவர் மற்றொன்றையும் அறியவேண்டும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி, இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டவர், அந்தக் கடனிலேயே வரவு வைக்கவேண்டும். சொல்லாமல் கொடுத்தால், 60-ஆவது பிரிவின்படி அவர் இஷ்டப்பட்ட கடனில் வைத்துக்கொள்ளலாம். ஆகையால் வாயால் சொல்வதோடு நில்லாமல் ரசீதிலும் எழுதி வாங்கவேண்டும். முழுதும் தீர்ந்தால் பிராமிசரி நோட்டைத் திரும்பப் பெறவேண்டும்.

இன்றிரவே ஒவ்வொரு அங்கத்தினரும் தம் மனைவியுடன் உட்கார்ந்து, கடன் ஒவ்வொன்றும் வருஷத்தில் எவ்வளவு ரூபாயைக் கொண்டுபோகிறது என்று எழுதிப் பார்ப்பாராக. அதிகம் கொண்டுபோவது எதுவோ, அதன் பெயர் வட்டியானாலும் விலைக்குறைப்பானாலும், அதுவே முதலில் ஒழியவேண்டிய கடன்.