பூனைக்கு எதற்குச் சோப்பு?



பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி, பச்சைமலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று விளைகிற வட்டாரம். வீட்டில் மூட்டை இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனையும் வேண்டும். எலிக்காக வந்த பூனை இப்போது சோபாவில் படுத்துக்கொள்கிறது. போதாததற்குப் பெர்சியன் பூனைகளும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "இதை வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டணும்?"

உடம்புக்கு ஒன்றுமில்லாத பூனையைக் குளிப்பாட்டவே வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் கால்பங்கு வரை அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. அந்த நாக்கு உங்கள் கையில் பட்டால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கும். அதில் இருப்பவை நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன சின்னச் சின்ன முட்கள். 2018-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் அந்த முட்களின் நுனி குழிவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழி எச்சிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு முடியின் அடிவரை கொண்டுபோய் விடுகிறது. அழுக்கும் போகிறது, வெயிலுக்கு உடம்பும் குளிர்கிறது. பெர்சியன் பூனைக்கு மட்டும் முடி அடர்த்தி அதிகம். நாக்கின் முள் அடித்தோல் வரை எட்டுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் அதற்குத் தினமும் சீப்பு வேண்டும். நாட்டுப்பூனைக்கு வாரம் ஒரு முறை வாரினால் தாராளம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பூனையின் மேல் எது பட்டாலும் அது அன்றைக்கே அதன் வயிற்றுக்குப் போகும். நம் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தை மேய்ந்ததை இந்த மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரிப் புழுவுக்கு மருந்து அடித்துவிட்டு வருகிறவர், கால் கை கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்து பூனையைத் தடவிக் கொடுத்தால், சட்டையிலும் கையிலும் இருந்த மருந்து அதன் முடியில் ஒட்டும். அது நக்கும். பினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்த பூனையும் அப்படித்தான், பாதத்தை நக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவைக்கூடப் பூனையின் ஈரல் கழித்துத் தள்ளாது.

இன்னொன்று, மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த மருந்து. "கொஞ்சம்தானே" என்று அதைத் தண்ணீரில் கலந்து பூனைக்குப் பூசுகிறார்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து செத்தும் போகலாம். நாய்க்கென்று விற்கிற உண்ணி மருந்தையும் தொடாதீர்கள்.

அப்படியானால் தெள்ளுப்பூச்சிக்கு என்ன வழி? நம் வீட்டுப் பேன் சீப்பே போதும். சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாகப் படுத்திருக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கன்னம், தாடை. அங்கே தடவினால் பூனைக்குப் பிடிக்கும். பிறகு கழுத்து, முதுகு, வால் அடி. முடி போகிற போக்கில் வாருங்கள். சீப்பில் வருகிற கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண்ணில்லை, இரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம். ஒவ்வொரு முறை வாரியதும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் பூச்சி அதிலேயே சாகும். நிறைய இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பூனைக்கான சொட்டுமருந்து கேளுங்கள்.

காட்டுக்குப் போய் வந்த பூனையின் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் நாயுருவி ஒட்டியிருக்கும். கையால் பிரித்து எடுங்கள். சிக்கு விழுந்த இடத்தில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும், முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோம்.

நகம் வெட்டுகிறவர்கள் பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாய். அதற்கு முன்னால் இருக்கும் வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். ஒரே மூச்சில் எல்லா நகமும் வெட்ட வேண்டியதில்லை, இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு. வெளியே திரிகிற பூனைக்கு வெட்டாதீர்கள். நாய் துரத்தினால் மரம் ஏற அதற்கு நகம் வேண்டும். காதில் பஞ்சுக்குச்சி விடவே கூடாது. காப்பித்தூள் மாதிரி அழுக்கு இருந்தால் அது காது உண்ணியாக இருக்கலாம், மருத்துவர் வேலை.

முடி மங்கிப்போய் இருந்தால் ஷாம்பு வாங்கி ஊற்றாதீர்கள், தட்டைப் பாருங்கள். வெறும் தயிர்ச் சோற்றில் பூனை தேறாது. அதற்கு மீனும் கறியும் வேண்டும். குழம்பில் கிடந்த மீனைத் தூக்கிப் போடுவது மட்டும் வேண்டாம். நம் மாவட்டத்துச் செட்டிகுளம் சின்ன வெங்காயம் நமக்குப் பெருமைதான். ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும்.

முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் ஒட்டும், மருத்துவரிடம் காட்டுங்கள். கால்நடை அவசர ஊர்திக்குத் தொலைபேசி எண் 1962. பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், வருடம் தவறாமல்.

வாரும்போது பூனை கீறினாலோ கடித்தாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.