முழ நீளப் படமும் அரை அங்குலப் புழுவும்



நாங்கள் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். இன்று படம் காட்டிப் பாடம் சொல்லும் வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் எங்கள் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பறைச் சுவரில் கொக்கிப் புழுவின் வண்ணப் படமொன்றை மாட்டினோம். நல்ல பெரிய படம். புழு ஒரு முழம் நீளம். வாயும் பல்லும் பளிச்சென்று தெரியும். அந்த வாரம் ஒரு பிள்ளைக்கு மருந்தகத்தில் புழு மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பத்து நாள் கழித்து, பிள்ளை இன்னும் சோர்ந்திருக்கிறதே என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரை அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது!

“ஏன் சார், இம்மாம் பெரிய புழு செத்து வெளியே வரணும்னா பிள்ளை வயிறு கிழிஞ்சிடாதா?” என்று கேட்டார் அந்தத் தாயார்.

அவர் கேட்டதில் என்ன தவறு? படத்தில் இருந்ததை அவர் சரியாகவே படித்திருக்கிறார். புழுவின் உண்மை அளவு என்ன என்பதைச் சொல்லாமல் விட்டவர்கள் நாங்கள்தான்.

இப்படி நேர்ந்தது எங்களுக்கு மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் ஓரிடத்தில் மலேரியா பற்றிய படம் காட்டினார்களாம். திரை முழுவதும் ஒரே கொசு. படம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர், “நல்லவேளை, எங்கள் ஊர்க் கொசுக்கள் இத்தனை பெரியவையல்ல. எங்களுக்குப் பயமில்லை” என்றாராம். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது. படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று அந்த மக்களைக் கேலி செய்வதற்கே பலர் இதைச் சொன்னார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டத் தெரியாதவர்களின் கதையாகத்தான் தோன்றுகிறது.

படத்தால் கற்பிப்பது பழைய வழக்கம். 1543-இல் வெசாலியஸ் என்னும் மருத்துவர், பிணத்தைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்து, மனித உடலின் உள்ளமைப்பை அழகிய படங்களோடு நூலாக வெளியிட்டார். அதுவரை ஆசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பழைய ஏட்டை வாசிப்பார்; கீழே வேறொருவர் அறுத்துக் காட்டுவார். ஏட்டில் இருப்பது ஒன்றும் உடலில் இருப்பது வேறொன்றுமாக இருந்தாலும் கேட்பாரில்லை. பிறகு 1658-இல் கொமேனியஸ் என்பவர் சிறுவர்களுக்கென்று படப் பாடநூல் ஒன்றை அச்சிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், 1659-இல், ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் மாய விளக்கை அமைத்தார். கண்ணாடித் தகட்டில் வரைந்த சித்திரத்தை, விளக்கொளியால் சுவரில் பெரிதாக விழச் செய்யும் கருவி அது. இன்றைய சினிமாவுக்குப் பாட்டன் என்று சொல்லலாம்.

தமிழில் மருத்துவம் கற்பித்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றினார். உடலின் பாகத்தைக் காட்டினால் போதாது, அதற்கு மாணவனின் மொழியில் ஒரு பெயர் வேண்டும் என்று கண்டு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; தமிழிலேயே மருத்துவ நூல்களையும் கொண்டுவந்தார். உடலமைப்பைச் சொல்லும் ‘அங்காதிபாதம்’, அறுவை மருத்துவத்தைச் சொல்லும் ‘இரண வைத்தியம்’ எல்லாம் அப்படி வந்தவையே.

இனி, நம் கொக்கிப் புழுவிடம் வருவோம். தோட்டத்து மக்களுக்கு முதன்முதலாகப் படம் காட்டிப் பாடம் சொன்னவர்களில் பலர் இந்தப் புழுவைப் பற்றித்தான் சொன்னார்கள்.

இது எப்படி உடலுக்குள் போகிறது என்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. எகிப்தின் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஆராய்ச்சியாளரின் கையில், புழுக்குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. பட்ட இடம் சிவந்தது, அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்துத்தான் புழு நுழைகிறது என்று 1898-இல் அவர் அறிவித்தபோது பலர் நம்பவில்லை.

இப்போது அதன் வழி நமக்குத் தெரியும். வெட்டவெளியில் கழிக்கும் மலத்திலிருந்து முட்டை மண்ணில் விழுந்து பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சு வெறுங்காலில் ஏறி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக மேலே வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தங்குகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில துளிகளுக்கு மேல் இராது. ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தால்? முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். ‘சோம்பேறிப் பிள்ளை’ என்று நாம் ஏசுவோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் 1909 முதல் 1914 வரை, ராக்பெல்லர் பணத்தில் இந்தப் புழுவை ஒழிக்க ஓர் இயக்கம் நடந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் மேசை போட்டு, புட்டியில் உண்மையான புழுவையும், பக்கத்தில் மைக்ராஸ்கோப்பையும் வைத்தார்கள். வந்தவர் குனிந்து முட்டையைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். அதே அமைப்பு 1916-இல் இலங்கைக்கு வந்து, நம் உறவினர் வேலை செய்த தோட்டங்களில் பணியைத் தொடங்கியது. 1920-இல் கொக்கிப் புழுவைப் பற்றி ஒரு சினிமாவும் எடுத்தார்கள். நோய் கண்ட ஒரு சிறுவனைப் பற்றிய ஊமைப் படம் அது. எழுத்துத்தான் திரையில் வரும். வாசிக்கத் தெரியாதவர் கூட்டத்தில் பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1946-இல் கோலாலம்பூரில் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படம் தயாரித்தார்கள். 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு, தகவல் இலாகாவின் படக்காட்சி வண்டிகள் தோட்டந்தோட்டமாகச் சென்றன. மின்சாரம் இல்லாத இடத்திலும் வண்டியே தன் மின்னாக்கியை ஓட்டித் திரையைக் கட்டிவிடும். அரசாங்கப் பிரசாரமும் அதில் உண்டு, சுகாதாரமும் உண்டு.

இங்குள்ள பெரியவர்கள் அதைச் சொல்லக் கேட்க வேண்டும். பெரட்டுக் களத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். மூடுபனி இறங்கினால் திரையில் பாதி தெரியாது. ஒளி மட்டும் புகையில் குழாய்போல் நீண்டு தெரியும். அப்போதும் ஒலிபெருக்கியில் குரல் நிற்காது. ‘படம் மறந்துபோச்சு, அவர் தமிழிலே பேசுனது மறக்கல’ என்றார் ஒரு பாட்டி.

1963-இல் தொலைக்காட்சி வந்தது. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19-இல் தொடங்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலை மறைக்கும் எங்கள் பக்கத்தில் படத்தைவிடப் புள்ளிகளே கூடுதல். இன்று எல்லார் கையிலும் தொலைபேசி. எந்தப் புழுவையும் எவ்வளவு பெரிதாகவும் பார்க்கலாம். அளவு சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

அந்தத் தாயாரிடம் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்குத் துண்டு வெட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தோம். “இதுதாம்மா புழு. அரை அங்குலம்கூட இல்லை.”

அவர் விரலால் அதை உருட்டிப் பார்த்தார். “இத்துனூண்டா? இதுக்கா நான் பயந்தேன்?” என்று கேட்டவர், சற்று நேரம் கழித்து, “இத்துனூண்டுதான் பிள்ளை இரத்தத்தைக் குடிக்குதா?” என்றார். அன்றிரவே பழைய மாத்திரையை எறிந்துவிட்டு, மறுநாள் மருந்தகத்தில் புதிதாக வாங்கிக் கொடுத்தார்.

படம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஓரத்தில் அந்த நூலை ஒட்டி, ‘உண்மை அளவு’ என்று எழுதியிருக்கிறோம். பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது, குட்டை நீர் கொஞ்சம் புட்டியில் எடுத்துவந்தால் அதில் என்னென்ன நெளிகின்றன என்று சேர்ந்து பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். காலில் செருப்பு இருக்கட்டும்.