ஒரு கால் மட்டும் வீங்கினால்

(கட்டுக்கரைப் பகுதியில் வாழும் மலையகக் குடும்பங்களின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிப் பக்கம் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். நான் இன்னும் மேலே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அங்கே கொழுந்து, இங்கே வயல். இரண்டு இடத்திலும் பெண்ணுக்குக் கால் நோவு என்றால் வேலை அலுப்பு என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். அந்தக் கால் நோவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் உடம்பில் பல மடங்கு கூடுகிறது. அது ஈரலைத் தூண்டி, இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. பிரசவத்தில் அதிகம் இரத்தம் போகாமல் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆனால் அதே ஏற்பாட்டால் காலின் உள் நாளத்தில் இரத்தம் கட்டிப்படவும் கூடும். கர்ப்பிணிக்கு இந்த ஆபத்து மற்றப் பெண்களைவிட நாலைந்து மடங்கு. பிள்ளை பிறந்த பிறகு முதல் 6 கிழமை அதைவிடக் கூட. கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது காலில்தான் வரும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சுட்டு நொந்தால் உருவாதீர்கள். கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது, எழும்பக் கூடாது என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் தண்ணீர் குறைந்தாலும் அசையாமல் கிடந்தாலும் இரத்தம் கட்டிப்படுவது கூடும். வீட்டுக்குள் நடக்க விடுங்கள். தாய் வீட்டுக்கு ஹட்டன் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நாலு எட்டு நடவுங்கள்.

அடுத்தது மித்துரி போன்ற குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. அதிலும் ஈஸ்திரோஜன் உண்டு. குளிசை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு இரத்தக் கட்டி வரும் என்றால், இந்த வகைக் குளிசை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு வரலாம். கர்ப்பத்தின் ஆபத்து இதைவிடக் கூட. ஆகவே பயந்து குளிசையை வீசிவிடாதீர்கள். பால் கொடுக்கும் தாய் முதல் 6 கிழமைக்கு இதைத் தொடங்கக் கூடாது. உங்களுக்கோ தாய், சகோதரிக்கோ முன்பு கட்டி வந்திருந்தால், பிரஷர் இருந்தால், குடும்பநல மாதுவிடம் முதலே சொல்லுங்கள். ஈஸ்திரோஜன் இல்லாத வேறு முறைகள் அவரிடம் இருக்கின்றன.

தோழர்களே, இது தொழிற்சங்க விசயமும்தான். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் மூன்றாவது பிள்ளைக்கு முன்பு 42 நாள் லீவுதான். பிரசவத்துக்குப் பின் கிடைத்தது 4 கிழமை. ஆபத்தான 6 கிழமை முடியுமுன்பே அந்தத் தாய் மலையேறினாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். அதற்கு முந்திய ஒரு வருடத்தில் ஒரே இடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வயலுக்கு வயல் நாட்கூலிக்குப் போகும் உங்களில் பலர் அதைக் காட்ட முடியாது. யாரிடம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று இன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள்.